டெல்பின் கூப்பிடுகிறாள்

பறக்கும் ரயில் தரமணியை நெருங்கும்போது செய்தி வந்தது. காய்ச்சலென்று லீவு போட்டிருந்த டெல்பின் விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று நம் அலுவலகத்துச் சதீஷ் போனில் சொன்னான். இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. வேளச்சேரி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவள் குரலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் அம்மாவோடு மீன் விற்று வளர்ந்த குரல். ஏ.சி. அறைக்குள்ளும் தணிந்ததில்லை. காலைக் கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்று நாம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததைப் பொறுக்காமல், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். நம் இரண்டு குழுக்களின் பெயர்களும் இரண்டு வரிசைகளாக இருக்கும். புரோகிராம் அவற்றைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு பெயரைக் கூப்பிடும். எல்லாப் பெயர்களையும் தன் குரலிலேயே பதிவு செய்தாள், தன் பெயர் உட்பட.

சதீஷ் ஒருமுறை அதைத் திருத்தப் போய், அடுத்த குழுவின் பெயர்களை நம் வரிசைக்குள்ளேயே 'புஷ்' செய்து தள்ளிவிட்டான். புரோகிராம் ஓடும்போதெல்லாம் அதே பெயர்கள் மறுபடி உள்ளே போய், வரிசை வீங்கிக்கொண்டே இருந்தது. திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"இன்னா மச்சி, ஊட்டுக்கு வந்த விருந்தாளிய ரேஷன் கார்டுலயே ஏத்திட்டியா? ரெண்டையும் அப்டியே உடு. 'கான்கேட்' போட்டு, ரெண்டையும் சேத்து மூணாவதா புதுசா ஒண்ணு கட்டு."

தினமும் ஏன் சேர்ப்பானேன் என்று, அப்படிக் கட்டிய புது வரிசையைத் தனியாகச் சேமித்தும் வைத்தாள். அதன்பின் புரோகிராம் அதிலிருந்தே பெயர்களைக் கூப்பிட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, நம் குழுவின் வரிசையிலிருந்து சதீஷ் அவள் பெயரை எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் எடுத்தான். மறுநாள் கூட்டத்தில் புரோகிராம் கூப்பிட்டது: "டெல்பின்!" அவள் குரலில் அவள் பெயர்.

பழைய வரிசையில் ஒரு பெயரை அழித்தாலும், முன்பே அதிலிருந்து கட்டிய புது வரிசையில் அது இருக்கத்தான் செய்யும். நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும், அவள் உட்காரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். புரோகிராமையே தூக்கிவிடலாம் என்று உங்களில் பலர் சொன்னீர்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவள் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். அழிக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் சாமான்களை வாங்கிப்போக அவள் அம்மா வந்தார். மறைக்க மனமில்லாமல் ஓடவிட்டுக் காட்டினேன். யார் யார் பெயரோ வந்த பிறகு அவள் பெயர் வந்தது. அம்மா அழவில்லை. திரையைக் கையால் தடவினார்.

"கொரல எடுக்காத கண்ணு. அது பாட்டுக்குக் கூப்டுகினு கெடக்கட்டும்," என்றார். "எம்பொண்ணு பேர மட்டும் எடுத்துடு. கூப்ட்டுப் பதில் வரலைன்னா, பாவம், அவ அங்கியே நின்னுகினு இருப்பா."

அவர் கண்முன்னாலேயே இரண்டு வரிசைகளையும் புதிதாகச் சேர்த்தேன். டெல்பின் பெயர் அதில் வரவில்லை.

இப்போதும் காலையில் அவள்தான் நம்மைக் கூப்பிடுகிறாள். "கௌரி" என்று முதல் எழுத்தை அழுத்தி அவள் சொல்கிற என் பெயர் ஒன்றுதான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. கேட்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவளைக் காக்கவைப்பதில்லை. "தோ வந்துட்டேண்டி" என்று உடனே சொல்லிவிடுகிறேன்.