எரிமலைத் தீவில் ஒரு வாளித் தண்ணீர்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. விளிம்பில் வெடிப்பு. எறிந்துவிடச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். சித்தப்பாவின் வாளி, எறிய மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து கால் கழுவ அதைத்தான் எடுக்கிறேன்.

சித்தப்பா திருகோணமலையில் பிறந்தவர். அங்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி முதலில் காலுக்கு, பிறகு தலைக்கு ஊற்றவேண்டும். ஏழிலும் ஊற்றாவிட்டால் குளித்த கணக்கில்லை என்பார். லண்டன் வந்து, வால்தம்ஸ்டோவில் கடை வைத்து, தலை நரைத்து, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் வந்த பிறகுகூட ஷவர் அவருக்கு ஒத்துவரவில்லை. வாளிதான்.

அவரையும் சித்தியையும் இந்தோனேசியாவுக்குக் கூட்டிப்போனது நான். எரிமலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு என்றதும் பெட்டிக்குள் முதலில் வைத்தது இந்த வாளியை. மனுசன் வாளியோடு பிளேன் ஏறுதே என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

மலைச்சரிவில் படிப்படியாகக் குழிகள். கந்தக நெடி மூக்கை அரித்தது. கீழ்க் குழிகளில் ஊர்ச்சனம் குளித்தது. உச்சிக் குழியைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தார்கள். அதில் முட்டை அவிப்பார்களாம். சித்தப்பா குழிகளை எண்ணினார். ஏழு. முகம் மலர்ந்துவிட்டது. கீழிருந்து ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு ஏறினார். கம்பியருகில் வழிகாட்டி மறித்தான், நானும் மறித்தேன்.

"ஆறிலை ஊத்திப்போட்டு ஒண்டை விட்டிட்டுப் போக ஏலுமே பிள்ளை?" என்றபடி கம்பியைத் தாண்டிவிட்டார்.

அள்ளிக் காலில் ஊற்றினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அப்பாடா, வீணாகப் பயந்தோம் என்று நினைத்தேன்.

"சூடே இல்லைப் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே மீதித் தண்ணீரைத் தலைக்குத் தூக்கினார். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். தோல் நனைந்த தாள் போலச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. பாய்ந்து வாளியைத் தட்டிவிட்டேன். அது பாறையில் விழுந்து வெடித்தது. என் கையில் தெறித்த துளிகளுக்கே உயிர் போனது. அவரோ, ஏன் தட்டினாய் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

லண்டனில் இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள். சீனி நரம்பைத் தின்று, கால் எப்போதோ மரத்துப்போயிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அதன்பின் கண்மூடும்வரை சித்தி கைவைத்துப் பார்க்காத தண்ணீரை அவர் தொடவில்லை.

எனக்கும் இப்போது சீனி. போன கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, வாளியை நிரப்பிக் காலில் ஊற்றினேன். இளஞ்சூடாகத்தான் பட்டது. துவாய் கொண்டுவந்த மகள் வாளிக்குள் விரலை விட்டவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது கொதிக்குது."

சூடே இல்லையே பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து காலைப் பார்க்கப் பயமாக இருந்தது.