ஜிஸ்லேனும் ‘நான்’ என்ற சொல்லும்

வட பிரான்ஸில் ரூபே நகரின் அந்த மூன்று அரசுக் குடியிருப்புக் கட்டடங்களில் எந்தக் குழாய் எப்போது முனகும் என்று ஜிஸ்லேன் வாஸருக்குத் தெரியும். இருபத்தொரு வருஷமாக அங்கே பராமரிப்பு வேலை. பூட்டு மாற்றுவாள், அடைப்பு எடுப்பாள், எட்டாவது மாடிச் சண்டையையும் தீர்த்துவைப்பாள். குழுத் தலைவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் அவளுக்குத்தான் என்று காக்கை குருவிக்குக்கூடத் தெரியும். தெரியாதது நிர்வாகத்துக்கு மட்டும். தலைவர் பதவிக்குத் தொழிற்சான்றிதழ் வேண்டுமாம். இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வருவாராம். இத்தனை வருஷம் கட்டடத்தை ஒழுகாமல் காத்தவளிடம் காகிதம் கேட்கிறவர்களை என்ன சொல்வது? சொன்னால் அச்சில் ஏறாது.

நல்லவேளை, ஒரு வழி இருந்தது. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையை எழுதிக் கொடுத்து, நான்கு தேர்வாளர்களுக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால், அனுபவத்துக்கே சான்றிதழ் தருவார்கள். ஒரே நிபந்தனை, ‘நான் செய்தேன், நான் முடிவெடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்றால் செல்லாது.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் வடக்குச் சீமையில் ‘நான்’ என்ற சொல் லேசில் வாயில் வராது. தனியாக மழையில் மாட்டிக்கொண்டவனும் ‘நல்லா நனைஞ்சுட்டோம்’ என்றுதான் வீட்டுக்குள் நுழைவான். ஜிஸ்லேன் எழுதிய அறுபது பக்கத்தையும் படித்த, தேர்வுக்கு வழிகாட்டும் ஆலோசகர், பக்கத்துக்கு மூன்று இடத்தில் ‘யார்?’ என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

அவளோடு பதினாறு வருஷமாக வேலை செய்யும் குழாய்க்காரன் மூலூத், காலைச் சிக்கரி காப்பி நேரத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தான்.

“சொல்லு பாப்போம். மூணாவது கட்டடத்துல பம்ப் நின்னப்ப என்ன பண்ணின?”

“நாங்க கீழ்த்தளத்துக்கு ஓடினோம்.”

“நாங்கன்னா யாரு? அன்னிக்கு நான் லீவு.”

“அப்படியா?” ஜிஸ்லேன் யோசித்தாள். “அப்ப நானும் டூல் பெட்டியும்.”

“சரிதான். பெட்டிக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் கேளு!”

இருவரும் காப்பி சிந்தச் சிரித்தார்கள். ஆனால் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ‘நான்’ சொல்லிப் பார்த்தபோது அவளுக்குக் கூசியது. மற்றவர்களுடைய உழைப்பைத் திருடிக்கொள்வதுபோல் இருந்தது. சொல்லாவிட்டால் பதவி போய்விடுமே என்ற பயம் ஒருபக்கம். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

தேர்வு நாளும் வந்தது. பக்கத்து லீல் நகரில் ஓர் அறை. நீளமான மேஜைக்குப் பின்னால் நான்கு பேர். தலைமை வகித்தவர் மேடம் தெர்னுவா, முப்பது வருஷம் கட்டட வேலையில் பழுத்தவர். கேள்விகள் வந்தன. பூஞ்சை பிடித்த சுவரை நாங்க சரிபண்ணினோம். மின்பலகையை நாங்க மாத்தினோம். நாங்க, நாங்க, நாங்க. ஓரத்தில் இருந்த தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மேடம், அந்த ‘நாங்க’வைக் கொஞ்சம் வெளியில நிறுத்திட்டு வாங்களேன்.”

ஜிஸ்லேனின் முகம் காதுவரை சிவந்தது. “நா... நாங்க முயற்சி பண்றோம்” என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

மேடம் தெர்னுவா நாற்காலியில் சாய்ந்தார். “சரி, வேற ஒண்ணு கேக்கறேன். வேலைல நடந்த ஒரு பெரிய தப்பைச் சொல்லுங்க.”

“அது நான் பண்ணினது” என்றாள் ஜிஸ்லேன். துளித் தயக்கம் இல்லை. “அஞ்சு வருஷம் முன்னாடி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலைல. நான் தப்பான வால்வை மூடிட்டேன். அறுபத்திநாலு வீட்டுல சூடு போச்சு, ரேடியேட்டர் ஜில்லுனு ஆயிடுச்சு. நான் பழைய வரைபடத்தை நம்பினேன், குழாயத் தொட்டுப் பாக்கல. தொட்டிருந்தா சூடே சொல்லியிருக்கும்.”

“அப்புறம்?”

“நான் வால்வைத் திறந்து, குழாய்ல இருந்த காத்தை எடுத்தேன். அறுபத்திநாலு கதவையும் தட்டி, ‘மூடினது நான்தான், மதியத்துக்குள்ள சூடு வந்துடும்’னு சொன்னேன். கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு என் வீட்டு மின்சார ஹீட்டரைக் கொண்டுபோய் வெச்சேன். ஜனவரில ஒவ்வொரு வால்வா மூடித் திறந்து, எது எங்க போகுதுன்னு நான் புதுசா வரைஞ்சேன். எல்லாத்துக்கும் தகடு மாட்டினேன். அதுக்கப்புறம் அங்க யாரும் தப்பான வால்வை மூடினதில்ல.”

“உங்க கூட்டாளி அன்னிக்கு இல்லையா?”

“மூலூத்தா? இருந்தாரு. ஆனா தப்பு அவரோடது இல்லையே, மேடம்.”

நான்கு பேனாக்களும் விறுவிறுவென்று ஓடின. மேடம் தெர்னுவா கண்ணாடியைக் கழற்றினார். “முக்கால் மணி நேரமா நாங்க தேடின ஆள் இப்பத்தான் உள்ள வந்திருக்காங்க.”

“நாங்கன்னா யாரு?” பயிற்சிப் பழக்கத்தில் வாய்தவறி வந்துவிட்டது.

நான்கு பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜிஸ்லேன் தலையைக் குனிந்துகொண்டே தானும் சிரித்தாள்.

வெளியே கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். மறுபடி கூப்பிட்டபோது மேடம் தெர்னுவா எழுந்து நின்றிருந்தார். “முழுச் சான்றிதழும் உண்டு. வாழ்த்துகள்.”

“நன்றி மேடம். நாங்க எதிர்பார்க்கவே இல்ல.”

“மேடம் வாஸர், பேரெழுத இதுல ஒரு வரிதான் இருக்கு.”

ஜிஸ்லேனுக்கு அழுகை முட்டியது. வராந்தாவுக்கு வந்து மூலூத்தை ஃபோனில் கூப்பிட்டாள். “பாஸ் ஆயாச்சு!” என்றாள்.

“யாரு பாஸ்?” என்றான் அந்தப் பொல்லாதவன்.

“நான்!” என்று கத்தினாள் ஜிஸ்லேன். வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். “நான்தான்டா, நான்!”