வாசனைக்கு அஞ்சி மலையேறியவன்

பிற்பகல் மூன்று மணிக்குத் தம்பியின் கூட்டாளி பஹீம் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, திவாவ பெரிய ரோட்டுக்குக் கொண்டு வந்துட்டோம்."

"பேசுறானா?" என்று கேட்டேன். பஹீம் அழுதான். மார்ச் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி திவாகரன் ஹந்தானை மலையில் குளவி கொட்டி இறந்தான்.

குளவி என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி, அன்றே போய்விட்டார். போன வருடம் திவாவை ஒரே ஒரு குளவி கொட்டியது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடுத்த முறை காப்பாற்ற இவ்வளவு நேரம் கிடைக்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகும் அவன் மலையை விடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. "நாள் பூராவும் அடுத்தவங்க கண்ணுக்குக் கண்ணாடி தேய்க்கிறேன். ஞாயித்துக்கிழமையாவது நான் தூரத்தப் பாக்க வேணாமாக்கா?" என்பான்.

பயம் அவனுக்கும் இருந்தது. ஏறுவதற்கு முன் கூட வந்தவர்களை அடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொருவராக முகர்ந்து பார்ப்பான். சென்ட், பவுடர், வாசனை எண்ணெய் எதுவும் ஆகாது. கறுப்புச் சட்டையும் ஆகாது; இரண்டுக்கும் குளவி எழும்பி வரும் என்பான். ஒருமுறை நானும் போயிருந்தேன். பஹீமின் கழுத்தருகே திவா மூக்கைக் கொண்டுபோனான்.

"அத்தர் போட்டிருக்க."

"கொஞ்சம்தான்டா மச்சான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மோந்து பாக்கிறியே, வெக்கமா இல்லையா?"

"பொண்ணு இப்புடி நாறாது. போய் பைப்புல கழுவிட்டு வா."

"உம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் ஏசுவா."

உடுப்புச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவ வைத்த பிறகுதான் ஏற விட்டான்.

மழைக் காலத்தில் எனக்குப் பயம் குறைவு. மே மாதத்தில் உச்சியை மூட்டம் மூடும், பாறை வழுக்கும். ஐப்பசியில் பின்னேரம் இடி இறங்கும், அதற்கு முன்னமே கீழே வந்துவிடுவான். ஈரத்தில் குளவி கூட்டை விட்டு எழும்பாது. தை பிறந்து வெயில் ஏறி, மானாப்புல் காயத் தொடங்கினால்தான் எனக்குத் தூக்கம் போகும். அந்த ஞாயிறுகளில் தொலைபேசியை அடுப்படிக்கும் கொண்டுபோவேன். பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கை காரியத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

கடைசியாக மாசியில் சண்டை பிடித்தேன். "இனி மழைக்கு மட்டும் போ."

"மழையில மேல போயி என்னத்தப் பாக்கிறது? எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும்."

"வெள்ளையவே பாரு. உசுரோட பாரு."

சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "சரிக்கா. இந்த ஹந்தானை மட்டும். பசங்ககிட்ட சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மழைக்குத்தான்."

நடந்ததைப் பஹீம் பிறகு சொன்னான். அன்று யாரும் எதுவும் பூசியிருக்கவில்லை. உச்சிக்குப் போய்த் திரும்பும்போது பருந்தொன்று பாறையில் தொங்கிய குளவிக் கூட்டை இடித்துவிட்டுப் பறந்தது. "படுங்க, அசையாதீங்க" என்று கத்திய திவா, பையிலிருந்த பொலித்தீன் விரிப்பை எல்லோர் மேலும் இழுத்துப் போட்டு ஓரத்தை அழுத்திப் பிடித்தான். மேலே பெருமழை பெய்வது போலச் சத்தம் கேட்டதாம். விரிப்புக்கு வெளியே இருந்த அவன் விரலில் ஒன்று கொட்டியது.

குளவி அடங்கியதும் பஹீம் அவனை முதுகில் சுமந்து இறங்கினான். "இன்னக்கி நீ நாறலடா" என்று பாதி வழியில் திவா அவன் காதருகே சொன்னானாம். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தேயிலை மலையைத் தாண்டும்போது அதுவும் நின்றுவிட்டது.

மழைக்கு மட்டும் போகிறேன் என்று அவன் ஒத்துக்கொண்ட மறுநாளே வெள்ளைத் துணி வாங்கி வந்தேன், மழையில் வரும் அட்டைப்பூச்சி ஏறாமல் முழங்கால்வரை போடுகிற காலுறை தைக்க. வலது காலுக்குத் தைத்து முடித்தாயிற்று. இடது காலுக்கு வெட்டிய துணி இன்னும் மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கிறது.