பழகிப்போன தோல்

1998ஆம் ஆண்டு மார்ச் 14, சனிக்கிழமை, காலை மணி பத்து இருபது. வெயில் கொளுத்தியது. மூன்று வாரமாக மழை இல்லை. குழாயிலும் தண்ணீர் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கலன்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடை வரிசையின் இரண்டாவது மாடியில் என் மகள் தேன்மொழி நடன வகுப்பு நடத்தி வந்தாள். நாற்பத்திரண்டு படிகள். கலன்களைக் கதவருகே வைத்தபோது உள்ளே ஒரு பெண் அலறினாள்.

எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை நின்ற எஃகுக் கம்பத்தில் தேன்மொழி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் மடிப்பு மட்டும் கம்பத்தைப் பிடித்திருந்தது. இரண்டு கைகளும் விரிந்திருந்தன, முகத்தில் சிரிப்பு. முழங்கால் மடிப்பிலிருந்து இரத்தம் தொடை வழியாக இறங்கி இடுப்புத் துணியை நனைத்திருந்தது.

"டீச்சர், ரத்தம்!"

"எங்க?" என்று கேட்டாள்.

இறங்கி வந்து பார்த்தாள். இருபது காசு அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. "வலிக்கலையா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"இல்லையே. இன்னும் ஆறு மாசம் ஒழுங்கா வாங்க, உங்களுக்கும் வலிக்காது. தோல் பழகிடும் லா."

மாணவிகள் ஆறு பேரும் கைதட்டினார்கள்.

இந்த நோயோடு இருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்தக் கைதட்டலிலிருந்து தொடங்கினால்தான், நாங்கள் ஏன் தாமதித்தோம் என்பது உங்களுக்குப் புரியும்.

கம்ப நடனத்தில் உடலைத் தாங்குவது தோல். துணி வழுக்கும், வியர்வையும் வழுக்கும். அதனால் தொடையும் முழங்கால் மடிப்பும் வெறும் தோலாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த இடங்களில் தோல் கன்றி நீலம் பாரிக்கும், சிலர் அழுவார்கள். சில மாதங்களில் வலி குறைந்துவிடும். வலி குறைவதைத்தான் அவர்கள் முன்னேற்றம் என்கிறார்கள். தேன்மொழி கணக்கியல் படிக்க ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனபோது இதையும் கற்றுக்கொண்டு வந்தாள். நான் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். அவளும் கணக்கராக வருவாள் என்று எண்ணியிருந்தேன். பெண்களுக்கு மட்டும், சாத்திய கதவுக்குள் கற்றுக்கொடுத்தாள் என்றாலும், கோயிலில் என்னைப் பார்த்தவர்கள் "மக இன்னும் கம்பியிலதான் தொங்குதா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

அவளுடைய முழங்கால் மடிப்பில் ஓராண்டாகவே வெளிறிய ஒரு திட்டு இருந்தது. தேமல் என்று நினைத்தோம். அந்த இடத்தில் மட்டும் வியர்ப்பதில்லை. மற்றவர்கள் வியர்வைக்குப் பயந்து வெள்ளைப் பொடி பூசிக்கொள்ள, இவளுக்கு அது தேவைப்படவில்லை. "சாமி எனக்குன்னு ஒட்டிக் குடுத்த இடம் பா இது" என்பாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் தோல் மருத்துவர் படர்தாமரை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். மூன்று முறை போனோம், மூன்று முறையும் அதே களிம்பு.

ஏப்ரலில் வலது சுண்டு விரல் மரத்தது. மே மாதம் முழங்கையில் குத்தல் வந்தது. ஜூனில் ஒரு நாள் மேலே ஏறியவளின் வலது கை பிடி விட்டது. தோள் அடிபட விழுந்தாள். மறுநாளே கோலாலம்பூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

தோல் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார், நடுத்தர வயதுப் பெண். பஞ்சை நூலாகத் திரித்துக்கொண்டு, "கண்ண மூடும்மா. நான் தொடுறப்ப எல்லாம் யெஸ் சொல்லு" என்றார்.

திட்டின் மேலும் சுற்றிலும் பதினோரு முறை தொட்டார். அவள் நான்கு முறை 'யெஸ்' சொன்னாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அறையில் அவளுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

பிறகு டாக்டர் அவளுடைய முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். உல்நார் நரம்பு (சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்வும் வலுவும் தரும் நரம்பு) கயிறு போலத் தடித்திருப்பதாகச் சொன்னார். முதுகிலும் இடுப்பிலும் நாங்கள் கவனிக்காத திட்டுகள் ஐந்து இருந்தன. காது மடலில் சிறு கீறல் போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள்.

"அங்கிள், இது தொழுநோய்."

"குஷ்டமா?" என்றேன்.

"அந்தப் பேர் வேணாம் அங்கிள். மருந்து இருக்கு, நல்லா கேக்கும். ஒரு வருஷம் விடாம சாப்பிடணும். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குப் பரவாது."

தேன்மொழி மெல்லச் சொன்னாள்: "வலிக்கலன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டர்."

"வலிக்காம போறதுதான்மா இந்த நோய்" என்றார் டாக்டர்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். வகுப்பைக் கூட்டாக நடத்திய சூ லின் என்ற சீனப் பெண்ணிடம் அவள் அன்று மாலையே சொல்லிவிட்டாள். "என் தோல் பட்ட கம்பத்துல அவங்க தோலும் படுது பா. சொல்லாம எப்படி?" என்றாள். சூ லின் கட்டிப் பிடித்து அழுதாளாம். பிறகு, "நான் உன்னை நம்புகிறேன், வாடிக்கையாளர்கள் நம்ப மாட்டார்கள்" என்றாளாம். மறுநாள் எல்லாக் கம்பங்களையும் குளோராக்ஸ் என்ற கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தாள். தேன்மொழி பயன்படுத்திய கம்பத்தை மட்டும் கழற்றி, பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, லோரியில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். லோரிக்காரர் கையுறை போட்டிருந்தார்.

அந்தக் கம்பத்தை வீட்டுக் கூடத்தில் நிறுத்தச் சொன்னாள் தேன்மொழி. எனக்கு விருப்பமில்லை. ஒரு வெல்டரை அவளே அழைத்துவந்து நிறுத்தினாள்.

மூன்று மருந்துகள். ஒன்று மாதம் ஒரு முறை, சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். இன்னொன்று தோலைக் கறுக்க வைக்கும். இது எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. இவளுக்கு நன்றாகவே வந்தது. முகம் செம்பு நிறமாகி, பிறகு கருகியது. மருந்து நிறுத்திய பல மாதங்களில் தெளியும் என்றார் டாக்டர்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குக் கிள்ளானில் இருந்த மகன் வீட்டுக்குப் போனோம். மருமகள் எல்லாருக்கும் பீங்கான் தட்டு வைத்தாள், தேன்மொழிக்குக் காகிதத் தட்டு. இரண்டு வயதுப் பேரன் அத்தையிடம் ஓடப் பார்த்தான். அவனை அறைக்குள் தூக்கிப் போனார்கள்.

"எனக்கு மட்டும் பேப்பர் பிளேட்டா அண்ணி? விஐபி லா நான்."

"இல்லம்மா, கழுவ ஆள் இல்ல..."

"அப்போ அண்ணன் தட்ட யாரு கழுவுவா?"

மகன், "சாப்பிடு தேனு, நல்ல நாளும் அதுவுமா" என்றான். அவள் சாப்பிட்டாள். முடித்ததும் தட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க குப்பத்தொட்டியிலயும் ஒட்டிக்கும் அண்ணி" என்றாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

டிசம்பரில் எதிர்வினை (செத்த கிருமிகளோடும் உடல் சண்டையிடுவதால் நரம்பு வீங்குவது) வந்தது. ஒரே வாரத்தில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்நோக்கி மடங்கின. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் உப்பியது, தூக்கம் போனது. நரம்பு பாதிதான் திரும்பியது. இதை அழுத்திச் சொல்கிறேன்: முழங்கையிலோ கண் ஓரத்திலோ திடீரென்று வலி வந்தால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள். நாங்கள் ஐந்து நாள் காத்திருந்தோம்.

1999 ஜூனில் மருந்து முடிந்தது. கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். குணமான கையை இரவும் காலையும் நல்லெண்ணெய் தடவி, தண்ணீரில் ஊறவைத்து, கண்ணால் பரிசோதிக்க வேண்டும். வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்ய வேண்டும். விளக்கடியில் அவள் கையை நீட்டுவாள், நான் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன்.

பழைய மாணவிகளில் ஒருத்தி திரும்பி வந்தாள். லட்சுமி, கிள்ளான் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, வயது நாற்பத்தொன்று. வாரம் இரண்டு நாள் இரண்டு பஸ் மாறி எங்கள் கூடத்துக்கு வருவாள்.

"டீச்சர், நீங்க ஏற வேணாம். கீழ நின்னு திட்டுங்க, அது போதும்."

"திட்டுனா நீங்க ஏறுறது பல்லி ஏறுற மாதிரி இருக்குக்கா. நான் ஏறிக் காட்டி நீங்க பார்த்தாதான் வரும்."

செப்டம்பரில் கை அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார். நடு விரலின் நல்ல தசைநாண் ஒன்றை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்து மாற்றிக் கட்டினால் மடங்கிய விரல்கள் நிமிரும். எனக்கு மகிழ்ச்சி. கை நிமிர்ந்தால் நாலு பேர் முன்னால் நீட்டலாம். அவளுக்கு வயது முப்பதுதான், ஒரு வரன் பார்க்கலாம்.

அவள் கேட்டாள்: "டாக்டர், அதுக்கப்புறம் இந்தக் கை ஐம்பத்திரண்டு கிலோ தாங்குமா?"

"எதுக்கும்மா ஐம்பத்திரண்டு கிலோ?"

"என் வெயிட்டு."

டாக்டர் சிரித்துவிட்டார். "பால் டின்னு தாங்கும். பேனா பிடிக்கலாம், சட்டை பட்டன் போடலாம்."

"இப்ப இருக்குற மாதிரி விட்டா?"

"கொக்கி மாதிரி தொங்கலாம். ஆனா தோல் கிழிஞ்சா உனக்குத் தெரியாது. புண்ணு எலும்புக்குப் போனா விரல் போயிடும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பேசினேன். கதவைத் திறந்ததும் அவள் சொன்னாள்: "உங்களுக்குக் கை பார்க்க அழகா இருக்கணும். எனக்குக் கை வேணும். ரெண்டும் வேற பா."

"ஒரு ஆளு பார்க்க ரெண்டு பஸ் ஏறி வர்றா. அதுக்காகவா?" என்றேன்.

"ஆமா. ஒரு ஆளு."

அறுவையை மறுத்துவிட்டாள். அக்டோபரிலிருந்து லட்சுமிக்காகக் கம்பத்தில் ஏறினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவ்வளவுதான். வலது கையின் மடங்கிய விரல்கள் கம்பத்தில் கச்சிதமாக மாட்டிக்கொண்டன. லட்சுமி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். இரவுகளில் நான் விரல் விரலாகப் பரிசோதித்தேன். சுண்டு விரலின் அடியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. கம்பம் ஏறுபவர்களுக்குக் காய்ப்பு நல்ல அறிகுறி. பிடி உறுதிப்படும், தோல் கிழியாது. "பாத்தீங்களா, பழகிடுச்சி" என்றாள். நானும் தடவிப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. நிம்மதியாக எண்ணெய் தடவி விட்டேன்.

புண் அந்தக் காய்ப்புக்கு அடியில் இருந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. நவம்பர் கடைசியில் காய்ச்சல் வந்தது, கை வீங்கி நாற்றம் வந்தது. மருத்துவமனையில் காய்ப்பை வெட்டியபோது உள்ளே எலும்பு தெரிந்தது. எலும்புவரை சீழ் வைத்திருந்தது (ஆஸ்டியோமைலிடிஸ்). டிசம்பர் இரண்டாம் தேதி சுண்டு விரலை அடியோடு எடுத்தார்கள். மரக்க ஊசி போட்டார்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே மரத்திருந்ததால் அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை என்று தேன்மொழி பிறகு சொன்னாள்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: காய்ப்பு இருந்தால் அதன் மேற்புறத்தை நம்பாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் குறைத்து, அடியில் இருப்பதைப் பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

லட்சுமி ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்கு வந்தாள். "டீச்சர், நாற்காலி ஒன்னு வாங்கிடுவோம். உக்காந்துக்கிட்டே திட்டலாம்" என்றாள். தேன்மொழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். லட்சுமி போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தக் கம்பி அங்க இருக்கக் கூடாது."

வெல்டரை வரவழைத்தேன். அவர் அறுத்து எடுத்துப் போனார். கூரையிலும் தரையிலும் இருந்த ஓட்டைகளைச் சிமெண்டால் பூசினேன்.

அவளுக்கு இப்போது காலை என்பது கையைப் பார்க்கும் நேரம், இரவு என்பது மறுபடியும் பார்க்கும் நேரம். இடையில் நடப்பவற்றை அவள் பெரிதாகச் சொல்வதில்லை. தன் வலது கையை 'அது' என்கிறாள். "அத மடியில வைங்க பா" என்கிறாள், வேறு யாருடைய பொருளையோ சொல்வதுபோல. எனக்கு வயது எழுபத்தொன்று. முழங்கால் வலித்தால் முன்பெல்லாம் உடனே தைலம் தேடுவேன். இப்போது தேடுவதில்லை. வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

அவளை வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் பணம் கட்டும் இடத்தில் வரிசையில் நின்றோம். ஒரு விரலை எடுக்க எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. சேமிப்பிலிருந்து இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) எடுத்து உறையில் வைத்திருந்தேன். அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டு, அறுவை, மருந்து, கட்டுத்துணி எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள்.

தேன்மொழி ரசீதை இடது கையால் வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானா பா?" என்றாள்.

அறுபத்து மூன்று வெள்ளி.