நஜீபா வரைந்த போர்க்கப்பல்

காரைக்காலில் ஒரு கட்டட இன்ஜினீயரிடம் வீட்டு பிளான் வரைகிற வேலை நஜீபாவுக்கு. வயது முப்பத்தொன்று, பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். பகலில் போர்டிகோ, மாடிப்படி, அட்டாச்டு பாத்ரூம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் விண்வெளிக் கப்பல்கள்.

வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி விளையாட்டுப் புத்தகங்கள் போடுகிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. அதில் வரும் கப்பல்களுக்குத் தளம் தளமாக பிளான் போடுவது நஜீபாதான்.

போன வருடம் ஒரு சிறிய போர்க்கப்பல் கேட்டார்கள். சரக்குக் கப்பல்களைக் கொள்ளைக்காரர்கள் மறிக்காமல் கூடவே காவல் போகிற கப்பல். ஆட்கள் பதினெட்டுப் பேர், இடமோ துளியூண்டு. நானூறு சதுரஅடி மனையில் மூன்று பெட்ரூம் கேட்பவர்களைப் பார்த்துப் பழகியவள் அவள். ஒரு கட்டிலில் மூன்று பேர் முறை வைத்துத் தூங்குகிற மாதிரி போட்டு, மிச்ச இடத்தில் ஏவுகணை அறையை நுழைத்தாள். பெரிய தாளில் பார்க்கலாமென்று கடையில் பிரிண்ட் போட்டாள். மை கலைந்துபோன தாள் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வாப்பா காதர் பாட்சா வீடு திரும்பிய நேரம், பின்னாலேயே சாதாரணச் சட்டையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சாப்பிட வந்திருந்த நஜீபாவின் முன்னால், பிரிண்ட் கடையிலிருந்து வந்த அந்தத் தாளை விரித்தார்கள்.

"இது நீங்க போட்டதாம்மா?"

ஏவுகணை அறை, பீரங்கி மேடை, ஆட்கள் பதினெட்டு. எல்லாம் அவள் ஆங்கிலத்தில் எழுதியதுதான்.

"ஆமா சார். கேமுக்காகப் போட்டது."

"நாளைக்குப் பத்து மணிக்கு லேப்டாப்ப எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

ஆதார் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இருபத்தாறு வருடம் வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் வாப்பா. சீல் வைத்த காகிதத்தைக் கண்டாலே எழுந்து நின்றுவிடுவார்.

"எல்லாத்தயும் அழிச்சுடு, நஜீபா. நம்ம பேரு ஒண்ணு போதும் அவங்களுக்கு."

நாலு வருட உழைப்பு, பதினொரு கப்பல். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"அழிச்சா, மறைச்சேன்னு ஆயிடும் வாப்பா."

மறுநாள் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மெதுவாகத்தான் கேட்டார். அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கைகளைத் துப்பட்டாவுக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"இந்தக் கப்பல் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

"எங்க கட்டப் போறாங்க?"

"கட்ட மாட்டாங்க சார். புத்தகத்துல மட்டுந்தான்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் முத்தையன், திருவேட்டக்குடி மீனவர் வீட்டுப் பிள்ளை. படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது கடல்ல நிக்காது. புரொப்பல்லரக் காணும். கதவு பாருங்க, தண்ணி மட்டத்துக்குக் கீழ தொறக்குது. எறக்குன ஒடனே முங்கிடும்."

உயிர் வந்தது போலிருந்தது நஜீபாவுக்கு. "ஆமா சார், இது தண்ணியில போற கப்பலே இல்ல. மேல போறது."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அப்ப ராக்கெட்டா?"

இரண்டு மணி நேரம் கம்பெனியின் மெயில்களையும் பழைய புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அனுப்பினார்கள்.

அதன்பின் பதினொரு நாள். தெருவில் பைக் நின்றால் வாப்பா எழுந்து கதவருகே போய் நிற்பார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நஜீபா அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். "கொஞ்ச நாளு வீட்டுலயே இருங்கம்மா" என்றார் இன்ஜினீயர். கம்பெனிக்கு நடந்ததைச் சொல்லி ஒரு மெயில் போடக்கூட அவள் துணியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு லேப்டாப்பைக் கொடுத்தார்கள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. இனிமே கண்ட எடத்துல விட்டுட்டுப் போவாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். விசாரணை முடிந்தது என்று எழுதி ஒன்றும் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கப்பலை முடித்து அனுப்பும்போது, தன் பெயரைப் போட வேண்டாம் என்று எழுதினாள். அதற்குள் இன்ஜினீயரும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் மெயிலில் வந்தது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்.

"உம்பேரு எங்க?"

"நாந்தான் வேணாம்னு சொன்னேன், வாப்பா."

அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய், இருக்கிற பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார்.

அடுத்த வேலை ஒரு மருத்துவக் கப்பல். புத்தகத்தில் போடப் பெயர், ஊர் கேட்டுக் கம்பெனியிலிருந்து படிவம் வந்திருந்தது. இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து மூடினாள். மூன்றாம் நாள் பெயரை எழுதினாள். ஊரை எழுதவில்லை.