பக்கத்து வீட்டுப் பூனைக்கு வயிறு சரியில்லை

பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடலை ஊருக்கு எடுத்துக்கொண்டு போன மறுநாள் அவளுடைய பூனை எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. நான்தான் தூக்கி வந்தேன்.

திருப்பூரில் மங்கலம் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் கணவர் கட்டிங் மாஸ்டர். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துப் பிரித்து வைப்பது வேலை. மகன் வெளியூரில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தான். ஆர்டர் குறைந்துபோன வருடம் அது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்துவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். பல நாள் மதியத்தோடு வேலை முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் தெற்கே கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. தனி ஆள். ஓவர்லாக் மிஷினில் டெய்லர். கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் இங்கே வந்தவள் என்று வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் தெரியும். அவளாக எதையும் சொன்னதில்லை. "அக்கா, தண்ணி வந்துட்டு" என்று சுவரைத் தட்டிச் சொல்வாள். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள் என்று கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திரும்பவில்லை. ஊரிலிருந்து தம்பி வந்தான். இருந்த கொஞ்சம் சாமான்களை மூட்டை கட்டினான், கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தான். போகும்போது என்னிடம் ஒரு போன் நம்பர் சொல்லி, "எதும்னா கூப்பிடுங்கக்கா" என்றான். இனி என்ன இருக்கிறது கூப்பிட என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆளும் சத்தமும் அடங்கும்வரை பூனை எங்கே பதுங்கி இருந்ததோ. சாயங்காலம் பார்த்தால் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், வளர்ந்த பெட்டைப் பூனை. மறுநாள் காலையிலும் அதே இடத்தில், சாரலில் நனைந்துகொண்டு இருந்தது. கூப்பிட்டேன், வரவில்லை. தூக்கினேன். நகத்தை நீட்டவில்லை, கத்தவுமில்லை. ஈரத்துணி மாதிரி கையில் கிடந்தது.

"இதெதுக்கு புள்ள இப்ப? செத்தவ ஊட்டுப் பூனை" என்றார் என் கணவர்.

"எங்கீங்க போகும் அது?"

அவர் குளிக்கப் போய்விட்டார்.

பூனை என்றால் பால் குடிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு வட்டிலில் ஊற்றி வைத்தேன். முழுக்க நக்கிவிட்டது. சாயங்காலம் அரிசி மூட்டைக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீராகப் போய் வைத்திருந்தது. துடைத்துவிட்டு, பாவம், தெம்பில்லை என்று இன்னும் கொஞ்சம் பால் வைத்தேன். அது நின்றபாடில்லை. மனுசருக்கு வயித்தால போனால் மோர் கொடுப்போமே என்று மோர்ச்சோறு பிசைந்து வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கோழிக்கடையில் ஈரல் வாங்கி வந்தார். நான் குழம்பில் போட்டு எடுத்து வைத்தேன். அதை ஆவலாகத் தின்றது. தின்ற வேகத்தில் வாந்தியும் எடுத்தது, பின்னாலும் போனது.

சமைப்பதும் படுப்பதும் உட்காருவதும் அந்த ஒரே அறையில்தான். வெளியே மழை. கதவைத் திறந்து வைக்க முடியாது. அடுப்புத் துடைக்க என்று அவர் கொண்டுவந்து போட்டிருந்த கட்டிங் வேஸ்ட் மூட்டை முழுவதும் அந்த வாரம் பூனைக்கே சரியாகிவிட்டது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எந்த நாட்டுக் குழந்தைக்கோ வெட்டிய சட்டைகளின் ஓரத் துண்டுகள். அவற்றால் துடைத்துத் துடைத்துப் பையில் கட்டி வெளியே வீசினேன். கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு உண்ணும்போது அந்த வாடை வந்தது.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்கண்ணு, பூனைக்கு நோவாமா?"

"ஆமாங்க. வயித்தால போகுதுங்க."

"செத்தவ கூப்புடறாளோ என்னமோ. எங்காச்சும் கொண்டுபோய் உட்டுட்டு வந்துரு சாமி. எல்லாரும் பொழங்கற எடம்."

கூப்புடறாளோ என்ற அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் காலி அறை. தண்ணீர் வந்தாலும் தட்டிச் சொல்ல ஆள் இல்லை. இந்தப் பக்கம் பூனை கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது. தண்ணீரும் குடிக்கவில்லை.

காலையில் கம்பெனிக்குக் கிளம்பி நின்ற என் கணவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுந்து, "வயர் கூடை எங்க புள்ள?" என்று கேட்டார்.

டி.வி.எஸ். ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து, துண்டு போட்டு மூடிய கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு சினை மாடும் நாலைந்து ஆடுகளும் நின்றன. பூனை கொண்டுவந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். டாக்டரம்மா பூனையின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார். தூக்கிய மடிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்லத்தான் படிந்தது.

"பார்த்தீங்களா? உடம்புல தண்ணியே இல்லை. என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். பால் என்றதும் தலையை ஆட்டினார்.

"வளர்ந்த பூனைங்க நிறையத்துக்குப் பால் ஒத்துக்காதுங்கம்மா. அதுமேல குழம்பு ஈரல் வேற. இடம் மாறி, ஆள் மாறி, சாப்பாடும் ஒரே நாள்ல மாறினா வயிறு தாங்காது. இதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டுட்டு இருந்துச்சு?"

"தெரியாதுங்க."

"நீங்க வளர்த்தது இல்லையா?"

"பக்கத்து ஊட்டுதுங்க."

"அப்ப அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

என் கணவர்தான், "அவங்க இல்லீங்க" என்றார். டாக்டரம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். முதுகுத் தோலுக்கு அடியில் ஊசி போட்டு குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார். எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் எழும்பியது, தானாக வற்றிவிடும் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். பால் கூடாது, உப்பும் மசாலாவும் கூடாது, கோழிக்கறியைச் சும்மா வேகவைத்துக் கொஞ்சம் சோற்றோடு மசித்து, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகப் பல தடவை கொடுக்க வேண்டும், தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். ரத்தம் வந்தாலோ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலோ உடனே தூக்கி வர வேண்டும். பூச்சி மருந்து வயிறு சரியான பிறகுதான்.

எங்களுக்கு நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். மற்றதெல்லாம் போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். குடத்து நல்ல தண்ணீரைக் காய்ச்சிப் பூனைக்கு வைத்ததை லைன் வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மருந்து கொடுப்பதுதான் பெரும்பாடு. துண்டில் சுற்றி என் கணவர் பிடித்துக்கொள்ள, நான் ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் ஊற்றுவேன். அவர் முன்கையெல்லாம் கீறல். "குடி சாமி, குடி" என்று அதனிடம் கெஞ்சுவார். மகனிடம்கூட அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்: "அந்தப் புள்ள பேரே எனக்குத் தெரியாது புள்ள. டெய்லர்னுதான் சொல்லுவேன்."

வயித்தால போவது குறைந்தது. ஆனால் வேகவைத்த கோழியைப் பூனை ஒதுக்க ஆரம்பித்தது. நாக்கில் வைத்தால் துப்பியது. டாக்டரம்மா சொன்னது பயமாக இருந்தது. மதியம் வேலை விட்டதும் நேராகப் பக்கத்து வீட்டுக்காரி வேலை செய்த கம்பெனிக்கு நடந்தேன். வாசல் டீக்கடையில் அவள் மிஷினுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்த பெண்ணைக் கண்டுபிடித்துக் கேட்டேன்.

"கருவாடுதானுங்கக்கா. ஊர்ல இருந்து நெத்திலி கொண்டாருவா. சுடுதண்ணில திரும்பத் திரும்ப அலசி, உப்பெல்லாம் போனதுக்கப்புறம் முள்ளு எடுத்து சோத்துல பெசஞ்சு வெப்பாளாம். அவ பேசறதே அந்தப் பூனையப் பத்தித்தானுங்க." டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். "அவளுக்கு மத்தியானம் வெறும் ரசஞ்சோறுதானுங்க இருக்கும்."

சந்தையில் நெத்திலி வாங்கினேன். அலசினேன். உப்புக் கரிக்கிறதா என்று நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். கோழிச்சோற்றில் ஒரு சிட்டிகை மட்டும் கலந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். காது நிமிர்ந்தது. எழுந்து வந்து முகர்ந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கத்தியது. எங்கள் வீட்டில் அது போட்ட முதல் சத்தம். தின்றுவிட்டு மறுபடியும் கத்தியது. ஆசை இருந்தாலும் அன்றைக்கு அதற்குமேல் வைக்கவில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருவாட்டைக் கூட்டிக் கோழியைக் குறைத்தேன்.

ஒரு காலையில், பூனைக்கென்று மூலையில் வைத்திருந்த மணல் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். பல் விளக்கிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கெட்டியாகப் போயிருந்தது. அவர் வாயில் நுரையோடு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மளிகைக்கடைக் காயின் போனில் அவள் தம்பியைக் கூப்பிட்டேன். யார் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

"பூனைக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க தம்பி. இப்ப பரவால்லீங்க. சொல்லலாம்னு கூப்புட்டேன்."

"எந்தப் பூனையச் சொல்லுதீங்க?"

"உங்க அக்கா வளத்த பூனைங்க."

"எங்கக்காவா? பூனை வளத்தாளா?" என்றான். "சின்னப்பிள்ளையில பூனையக் கண்டாலே அலறுவாளே. ராத்திரி கூரையில பூனை நடந்தா எங்கம்மாவக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுதான் படுப்பா." காசு தீரப்போகிற சத்தம் வந்ததும் அவசரமாகக் கேட்டான்: "இப்பம் சாப்பிடுதா?"

"சாப்புடுதுங்க. கருவாடு."

சில வாரம் கழித்து அவன் ஊரிலிருந்து வந்த ஒரு ஆள் வழியாக ஒரு பொட்டலம் நெத்திலி வந்தது. பிறகும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

பூனை எங்களோடு சில வருடம் இருந்தது. உடம்பு பிடிக்கவே இல்லை. சாப்பாடு கொஞ்சம் மாறினாலும் வயிறு கெட்டுவிடும், மறுபடியும் துணி, மணல், காய்ச்சின தண்ணீர். மடியில் ஒருநாளும் வந்து படுத்ததில்லை. அவர் வேலை விட்டு வரும் நேரத்துக்கு மட்டும் வாசலில் போய் உட்காரும். ஒரு மழைக்காலத்தில் வெளியே போனது திரும்பி வரவில்லை. சாக்கடை ஓரம், காலி மனை, ஸ்கூலுக்குப் பின்னால் என்று இரண்டு பேரும் தேடினோம்.

தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். காயின் போன் வரை போனேன். அவனிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் உப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் பூனைக்கென்று ஒரு பொட்டலம் வந்தது. அலசி, குழம்பு வைத்தேன். அவர் முள்ளெடுத்துச் சாப்பிட்டார்.