சீயக்காய்ப் பாடம்

எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்போம், இல்லையென்றால் கண்ணு என்போம். நான் என் மகளைச் சாமி என்று கூப்பிடுவேன். வேலை முடிந்து வளப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வாசலுக்கு வருமுன்பே "சாமீ…" என்று கடைசி எழுத்தை இழுத்துக் குரல் கொடுப்பேன். என் கணவரின் அக்காவுக்கு அவள் கண்ணு. அதையும் அவர் மூக்கால் இழுத்துக் "கண்ணூவ்" என்பார். நங்கையா என்று நான் கூப்பிடும் அவர் அடுத்த வீட்டில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் மலைக்குக் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். செம்மேட்டில் ஒரு பள்ளிக்கு நான் வேலைக்குப் போகும் நேரத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாத என் மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

போன மழைக்காலத்தில் மகள் என்னிடம் ஓடி வருவதை நிறுத்திவிட்டாள். "சாமீ" என்றால் நின்ற இடத்திலேயே விறைத்து நிற்பாள். வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எச்சிலை விழுங்குவாள். பிறகு நங்கையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"பாத்தியா புள்ள, பெத்தவளைக் கண்டா உன்ற மவளுக்குப் பயம்," என்று நங்கை சிரிப்பார். "புஸ்தகத்தை இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா, புள்ளை எப்படி இடுப்புல ஒட்டும்?"

நான் தபால் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டேனோ? வேலைக்கே போயிருக்கக் கூடாதோ? காலையில் அவசரத்தில் கோபமாக ஏதாவது சொன்னேனா? சமைக்கும்போதும் பாடம் நடத்தும்போதும் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மழை வலுத்ததால் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மிளகு ஏற்றி வந்த ஒரு வண்டியில் இடம் கேட்டு வந்து, சேறாகாமல் இருக்கட்டும் என்று வீடுகளின் பின்பக்கமாக நடந்தேன். நங்கையின் சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது.

"சாமீ… எங்க இருக்கே? அம்மா வாரேன்…"

என் குரலேதான். அதே இழுப்பு, அதே இறக்கம். ஜன்னல் வழியே பார்த்தேன். நங்கை கதவுக்குப் பின்னால் தலையை மறைத்து அப்படிப் பேசிவிட்டு, கையில் சோற்று உருண்டையோடு வெளியே வந்தார். "வந்துட்டா பாரு! முழுங்கு, முழுங்கு! முழுங்கலைன்னா உங்கம்மா பிரம்பை எடுப்பா!" என் மகள் கண்களை விரித்துக்கொண்டு, மெல்லாமலேயே விழுங்கினாள்.

நான் உள்ளே போகவில்லை. திரும்பிப் போய் பஸ் நிற்கும் இடத்தில், வழக்கமான பஸ் வரும்வரை குடைக்குள் நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன். "அக்கா வெளையாட்டுக்குச் செஞ்சிருக்கும். சோறு உள்ள போவுதில்ல? அதைப் பாரு," என்றார். மறுநாளும் குழந்தையை அங்கேதான் விட வேண்டியிருந்தது. மலையில் எனக்கு வேறு ஆள் இல்லை.

கற்றல் உளவியலின் முதல் பாடத்திலேயே ஒரு நாய் வருகிறது. சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்தால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே அதற்கு எச்சில் ஊறும். அதற்கு ஆக்கநிலையுறுத்தம் என்று பெயர். பரீட்சைக்காக அதை எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறேன். புத்தகத்தைத் தொடாத நங்கை அதை என் குழந்தை மேல் செய்து முடித்துவிட்டார். சாமி என்பது மணி. பிரம்பும் மிரட்டலும் சோற்றின் இடத்தில். எனக்கு மிச்சம், மகளின் தொண்டையில் ஏறி இறங்கும் அந்த ஒரு விழுங்கல்.

புத்தகம் என்னிடமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு எண்ணெய்க் குளியல். பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பேன். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் ஒரு சொட்டாவது கண்ணில் இறங்கும், அலறுவாள். அந்த ஞாயிறு, தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்று முன், மூக்கைச் சுருக்கிக்கொண்டு மெல்லச் சொன்னேன்: "கண்ணூவ்."

எனக்கே உடம்பு சிலிர்த்தது. குரல் அவ்வளவு பொருத்தமாக வந்திருந்தது.

இது தப்பில்லையா என்று யோசிக்காமல் இல்லை. சீயக்காய் எப்படியும் எரியத்தான் போகிறது. கூடுதலாக ஒரு சொட்டுக்கூட நான் ஊற்றவில்லை. சேர்த்தது ஒரு சொல்தான். அதுவும் கொஞ்சும் சொல். அடுத்த ஞாயிறும் சேர்த்தேன். அதற்கடுத்த ஞாயிறும்.

பிறகொரு மாலையில் நங்கை வேகவைத்த பலாக்கொட்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "கண்ணூவ்! யாரு வந்திருக்கா பாரு!"

மகள் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை நிறுத்தவில்லை. சிரிப்பு வராமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏம்புள்ள, இவ கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்களே நங்கையா. இப்பவரைக்கும் வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தா."

அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். மகள் முகத்தைத் தரையில் அழுத்திக்கொண்டாள். நங்கையின் முகம் வெளிறியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்ற கண்ணே பட்டிருச்சாட்ட இருக்குது," என்றார் மெல்ல. "அழகா இருக்கா, அழகா இருக்கான்னு வாய் ஓயாமச் சொன்னேன். கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டு என்ற கண்ணையே வெச்சுட்டேன் புள்ள."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தப் பாடத்திலும் இது இல்லை. உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அவரே மகளுக்குச் சுற்றிப்போட்டார். அடுப்பில் மிளகாய் வெடித்தது, நெடி இல்லை. நெடி இல்லையென்றால் கண்பட்டது உறுதி என்பார்கள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு நங்கை மகளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. பகலில் பார்த்துக்கொள்கிறார், சோறும் ஊட்டுகிறார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேசாமல். கதவுக்குப் பின்னாலிருந்து என் குரல் வருவதும் நின்றுபோனது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி "சாமீ" என்று கூப்பிட்ட கையோடு ஒரு கடலை மிட்டாயை நீட்டுகிறேன். மகள் இப்போது ஓடி வருகிறாள். ஆனால் ஓடி வருமுன் ஒரு விழுங்கல். மறைந்த பழக்கம் தானாகத் தலைகாட்டும் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது.

போன வாரம் நங்கை வேலியோரம் நின்று கேட்டார். "ஏம்புள்ள, இப்பக் கண்ணுன்னு ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா? ரொம்ப நாளாச்சு."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும் சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அப்போது மகளைத் திரும்பிப் பார்த்து, "சாமீ, இங்க வா," என்றேன். அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகுதான் வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டுங்க நங்கையா," என்றேன். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அதுதான் புள்ளைக்கு நல்லது."

நாளை ஞாயிற்றுக்கிழமை. வடிகஞ்சியை எடுத்து வைத்துவிட்டேன்.